நூலாசிரியரே வெளியீட்டாளர்: வாசகரைத் தேடிய மூன்று முயற்சிகள்

தமிழ் அச்சு வரலாற்றில், நூலை எழுதியவரோ பதிப்பித்தவரோ தாமே பொருள் திரட்டி அச்சிட்டு விற்பது புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புலமை சார்ந்த நூல்கள் பலவும் இவ்வாறே வெளிவந்தன. பதிப்பகம் என்பது தனித்தொழிலாக வளர்ந்த பின்னரும் இம்முறை அற்றுப்போகவில்லை. இவ்வாறு வெளியிடப்பெற்ற நூல்கள் விற்காமல் தேங்கும்போது, தமிழரிடம் நூல் வாங்கிப் படிக்கும் பழக்கம் இல்லை என்னும் குறை கூறப்படுகிறது. இக்கூற்று எவ்வளவு பொருந்தும்? உ. வே. சாமிநாதையர், சுப்பிரமணிய பாரதி, சி. சு. செல்லப்பா ஆகிய மூவரின் முயற்சிகளை ஒப்பிட்டு நோக்கினால் இதற்கு விடை காணலாம்.

1. பெயர் தெரிந்த வாசகர்

சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்டார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், முன்கூட்டியே கையொப்பம் வாங்கும் முறையைப் பின்பற்றினார். நூல் வெளிவந்ததும் பெற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களின் பெயர்களைத் திரட்டி, அந்த நம்பிக்கையில் அச்சுப்பணியைத் தொடங்குவதே இம்முறை. இதன் சிறப்பு, நூல் அச்சாவதற்கு முன்பே வாசகர் இன்னார் என்பது வெளியீட்டாளருக்குத் தெரிந்துவிடுவதாகும். எத்தனை படிகள் தேவை என்பதையும் ஓரளவு கணிக்க இயலும்.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. கையொப்பம் இட்டோர் பெரும்பாலும் அலுவலர், செல்வர், மடம் சார்ந்தோர், புலவர் என்னும் வட்டத்திற்குள் அடங்குவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்னும் பெருமையும், திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பும், கல்லூரிப் பதவியும் சாமிநாதையருக்கு அவ்வட்டத்தின் கதவுகளைத் திறந்தன. இத்தகைய பின்புலம் இல்லாத ஒருவர் அதே முறையைக் கையாண்டிருந்தால் அதே பயனைப் பெற்றிருப்பார் எனக் கூற இயலாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. சாமிநாதையர் வாசகரைத் தேடியதோடு நில்லாமல் வாசகரை உருவாக்கவும் செய்தார். 1898இல் மணிமேகலையை வெளியிட்டபோது, பௌத்தம் பற்றி அக்காலத் தமிழறிஞர் பலர் அறியாதிருந்ததை உணர்ந்து, புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றை விளக்கி எழுதினார். நூலுக்கும் படிப்பவருக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பது வெளியீட்டாளரின் கடமைகளுள் ஒன்று என்பதற்கு இது சான்றாகும்.

2. எண்ணிக்கையில் கண்ட வாசகர்

பாரதியின் நோக்கு இதற்கு முற்றிலும் வேறானது. அவர் 1908இல் சுதேச கீதங்களைத் தாமே வெளியிட்டவர். அதற்கு முன்னர், 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியிருந்தார். 1920இல் கடையத்தில் வாழ்ந்தபோது, தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக, நூல் ஒன்றுக்கு 10,000 படிகள் வீதம் வெளியிடும் திட்டத்தை அவர் வகுத்தார். அதற்கு வேண்டிய முதலைக் கடனாகத் தருமாறு அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வீட்டுக்கு வீடு வாங்கப்படும் அன்றாடப் பண்டங்களைப் போலத் தம் நூல்கள் விற்பனையாகும் என்பது அவருடைய நம்பிக்கை. எதிர்பார்த்த பொருள் சேரவில்லை, திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பர் 11இல் பாரதி மறைந்தார்.

இத்திட்டத்தைக் கவிஞனின் கனவு என ஒதுக்குவது பிழையாகும். புரவலரின் தயவை விடுத்துப் பொதுமக்களையே வாசகராகக் கொண்டது அதன் தனிச்சிறப்பு. அவர் மறைவுக்குப் பின் அந்நூல்கள் பெற்ற பரவலை நோக்கின், வாசகர் உளர் என்னும் அவருடைய கணிப்பு தவறானதன்று என்பது புலனாகும். குறை வேறிடத்தில் இருந்தது. முதல் சேர்ப்பதற்குத் திட்டம் இருந்தது. அச்சிட்ட 4 இலட்சம் படிகளை ஊர்தோறும் கொண்டுசேர்க்கும் விற்பனை அமைப்பு அவர் கையில் இல்லை. இலவசமாக வழங்கிய 15,000 படிகள் மக்களைச் சென்றடைந்தமைக்குக் காரணம், ஒரு செல்வர் அச்சுக்கூலியையும் வழங்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டமையே. விலைக்கு விற்கும் நூலுக்கு அத்தகைய துணை இல்லை.

3. வரையறுத்துக்கொண்ட வாசகர்

செல்லப்பா 1959 சனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ இதழ், 2,000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்னும் வரையறையுடன் வெளிவந்தது. பாரதி பெருக்க எண்ணியதைச் செல்லப்பா சுருக்கிக்கொண்டார். இவ்விதழ் 1970 வரை நிலைபெற்றது. எழுத்து பிரசுரத்தின் வழியாக அவர் நூல்களையும் வெளியிட்டார். 1962இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’ புதுக்கவிதையின் முதல் தொகுப்பாகப் போற்றப்படுகிறது. இந்நூல்களை அவரே சுமந்து ஊர்ஊராகச் சென்று கல்லூரிகளிலும் அன்பர் இல்லங்களிலும் விற்றார். முதுமையிலும் இவ்வழக்கத்தை அவர் கைவிடவில்லை. மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல் தாமே வெளியிட்டார். 1998இல் அவர் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது 2001இல் வழங்கப்பட்டது.

செல்லப்பாவின் உழைப்பைப் போற்றும் கட்டுரைகள் மிகுதி. ஆனால் அப்போற்றுதல் ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. எழுத்தாளர் ஒருவரின் உடல் வலிமையே விற்பனை அமைப்பாக இருந்தமையால், அவர் செல்ல இயலாத ஊர்களுக்கு நூலும் செல்லவில்லை. தியாகம் ஒருவரது வாழ்க்கையைச் சிறப்பிக்கலாம். அதனை ஒரு முறைமையாக மற்றவர்க்குப் பரிந்துரைத்தல் இயலாது.

4. கேரளத்தின் மாற்று வழி

அண்டை மாநிலத்தின் சான்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர் 12 பேர் 120 ரூபாய் முதலுடன் சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். எம். பி. பால் அதன் தலைவராகவும், காரூர் நீலகண்ட பிள்ளை செயலராகவும் பணியாற்றினர். தம் நூல்களைத் தாமே சுமந்து விற்றவரான வைக்கம் முகம்மது பஷீரைப் போன்றோர் மலையாளத்திலும் உண்டு. ஆயினும் அங்குத் தனியொருவரின் சுமை கூட்டுறவாக மாறியது. அச்சங்கம் நேஷனல் புக் ஸ்டால் என்னும் விற்பனை நிலையங்களையும் தன்பொறுப்பில் நடத்தியது. எழுத்தாளர்க்கு நூல் விலையில் 30 விழுக்காடு உரிமைத்தொகை வழங்கும் நிலையையும் அது எய்தியது. எழுத்தாளரே வெளியீட்டாளர் என்னும் கொள்கை மாறவில்லை. விற்பனை மட்டும் பொதுப்பொறுப்பாயிற்று.

5. இன்றைய நிலை

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டபின், நூலகக் கொள்முதல் தமிழ் வெளியீட்டாளர்க்கு உறுதியான ஆதரவாயிற்று. நூலகம் வாங்கினால் போதும் என்னும் மனநிலை அதன் மறுவிளைவு. நூலக அடுக்கில் இருக்கும் நூல் யாரால் படிக்கப்பெற்றது என்பதை ஆசிரியர் அறிவதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் முதலியவற்றுக்குப் படிகள் அனுப்புவது தாமே வெளியிடுவோர்க்கும் உரிய கடமையாகும். அது நூலைக் காக்கும்; வாசகரைத் தாராது. வேண்டும்போது வேண்டிய அளவே அச்சிடும் தொழில்நுட்பம் இன்று முதலீட்டுச் சுமையை வெகுவாகக் குறைத்துள்ளது. பாரதிக்குத் தடையாக நின்ற கடன் இன்றைய எழுத்தாளர்க்குத் தேவையில்லை. எனினும் செல்லப்பா சுமந்த சுமை அப்படியே உள்ளது.

முடிவாக, மூன்று முயற்சிகளிலும் வாசகரின்மை காரணமாகத் தோன்றவில்லை. சாமிநாதையர் வாசகரை அறிந்திருந்தார், பாரதி நம்பினார், செல்லப்பா தேடிச் சென்றார். நூலுக்கும் வாசகருக்கும் இடையே நிலையான வழி அமையாமையே மூவர்க்கும் பொதுவான இடர். அவ்வழியை ஒருவர் தனித்து அமைக்க இயலாது என்பதைக் கோட்டயத்துச் சான்று காட்டுகிறது. தாமே வெளியிட்ட நூல் என்பதாலேயே ஒரு படைப்பை மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளாத இதழ்களும், பாடநூலாகக் கருதாத கல்வி நிறுவனங்களும் இக்குறையில் பங்குடையவை. தமிழர் படிப்பதில்லை என முடிவுகட்டும் முன், படிப்பவரிடம் நூல் சென்றதா என வினவுவதே திறனாய்வாளர்க்கு முறையாகும்.