மூஸா இப்னு மைமூனின் கையெழுத்து

லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் ஒரு பழைய காகிதம் இருக்கிறது. குர்துபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் காலமான யூத மார்க்க மேதை மூஸா இப்னு மைமூன் தன் கைப்பட எழுதிய பதில் அதில் உள்ளது. யூதச் சட்டங்களை 14 பாகங்களில் 'மிஷ்னே தோரா' என்று தொகுத்தவர் இவர்தான். சுல்தான் ஸலாஹுத்தீனின் வலக்கையாயிருந்த அல் காழி அல் பாழிலின் ஆதரவு பெற்ற வைத்தியரும் இவரே.

விஷயம் ஒரு வாத்தியாரைப் பற்றியது. சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அவர், இனிப் படிப்பிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிப்போட்டார். இப்ப என்ன செய்வது? மூன்று பேருக்கு முன்னால் சத்தியத்தை மீட்டுக்கொண்டு, போய்ப் படிப்பிக்கட்டும் என்கிறார் இப்னு மைமூன். சத்தியத்தை முறித்தால் பத்து மிஸ்கீன்களுக்கு உணவளிக்கும் கப்பாறாவை அறிந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. எனக்குப் பிடித்தது பதிலின் தொனி. கேட்டவனை அவர் மிரட்டவுமில்லை, தன் கல்வியைக் கடை விரிக்கவுமில்லை. நம்மூர் பத்வாக்கள் சிலவற்றில் முகவுரை முடிவதற்குள் கேட்டவர் கேள்வியையே மறந்துவிடுவார்!

எழுத்து ஹீப்ரு, மொழி அரபு. அரபியின் 'ழாத்' போன்ற ஒலிகளுக்காக ஹீப்ரு எழுத்தின் மேல் புள்ளியிட்டார்கள். அரபுத்தமிழில் ப, ட, ள முதலிய ஒலிகளுக்காக அரபெழுத்துக்குப் புள்ளியும் குறியும் சேர்த்த நம் முன்னோர் செய்ததும் இதே வேலைதான். வேதத்தின் எழுத்தில் வீட்டு மொழியை எழுதினார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் கிதாபுகளைப் புரட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய தாள்களைக் காட்டி அந்தலூஸின் பெருமையை மட்டும் பேசுவோர் நம்மிடையே உண்டு. 1148இல் முவஹ்ஹிதூன்கள் குர்துபாவைப் பிடித்த பிறகு யூதர்களுக்கு அங்கே வாழ்வு நெருக்கடியானது. இவருடைய குடும்பமும் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. அதை மறைத்து எழுதுவது ஆராய்ச்சியல்ல. அதே மனிதர் பிறகும் அரபியிலேயே சிந்தித்தார், முஸ்லிம் ஆட்சியாளர் வீட்டிலே வைத்தியம் பார்த்தார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

வியாபாரியான அவர் தம்பி தாவூத் இந்து சமுத்திரத்தில், நமக்கும் பழகிய கடலில், மூழ்கி மௌத்தானார். ஆண்டுகள் பல கழித்து அக்கா நகரத்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம்பியின் கையெழுத்தைக் காணும்போதெல்லாம் நெஞ்சு கலங்குவதைச் சொல்கிறார். சட்டம் எழுதும்போது இறுகி நிற்கும் அந்த நடை இங்கே தளர்ந்துபோகிறது. அவர் எழுத்தில் இலக்கியம் தேடுவோர் இந்தக் கடிதத்திலிருந்து தொடங்கலாம்.

இறைவன் பெயர் எழுதப்பட்ட தாளை எறியக்கூடாதென்று புஸ்தாத் யூதர்கள் தங்கள் பள்ளியின் ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். கணக்கு, கடிதம், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி எல்லாமே அதற்குள் போய்ச் சேர்ந்தன. 1896-97இல் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கு மட்டும் போன துண்டுகள் 190,000க்கு மேல். இப்னு மைமூன் கைப்பட எழுதியவையும் அவற்றில் உண்டு. நாமும் எறியவில்லைதான். அதே மரியாதையோடு ஆற்றில் விட்டோம், மண்ணில் புதைத்தோம். குர்ஆன் தாளோடு உம்மம்மாவின் அரபுத்தமிழ்க் கடிதங்களும் சேர்ந்து போயின. என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் குர்ஆன் ஓதுவார்கள். அரபுத்தமிழில் ஒரு வரியைக் கூட்டி வாசிக்க அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.