பின்வரிசைக் குரல் முன்னால் வந்தபோது

வட அமெரிக்கப் பழங்குடிகளின் பவ்வாவ் எனும் ஆடல்பாடல் விழாக்களில் பெருமுரசைச் சுற்றி உட்கார்ந்து அடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பின்னால் நின்று, ஒரு ஸ்தாயி மேலே பாட்டை வாங்கிப் பாடுவார்கள். க்ரீ மக்கள் வாழும் கனடாவின் சமவெளியில் பல இடங்களில் இன்றும் இதுதான் முறை. ஆனால் 2006-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் நடந்த ‘கேதரிங் ஆஃப் நேஷன்ஸ்’ பவ்வாவ் விழாவில், கைப்பறைப் போட்டியை முதன்முதலாக ஒரு பெண் வென்றார். அவர் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த ஃபான் வுட். க்ரீ, சேலிஷ் பழங்குடிகளின் வழிவந்த பாடகி. அந்த வெற்றியின் எடை பெரியது.

கைப்பறை எளிய கருவி போலத் தெரியும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய விலங்குத் தோல், பின்புறம் குறுக்கே ஓடும் வார்களே பிடி. ஈரக் காற்று பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். அனல் காட்டி ஏற்ற வேண்டும். கடினம் வாசிப்பில் இருக்கிறது. வட்ட நடனப் பாட்டில் அடி வலுத்தும் மெலிந்தும் இரட்டையாக விழும். குரல் அந்த அடியின் மேல் உட்காராது, சற்று விலகியே நகரும். கையும் தொண்டையும் தனித்தனியே ஓட வேண்டும். ஒன்று மற்றதை இழுத்தால் நடன வட்டம் தடுமாறும். குழுவில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதால் மூச்சு வாங்க இடம் உண்டு. தனியாகப் பாடும் பெண்ணுக்கு அந்த மறைவு கிடையாது. எடுப்பும் அவரே, ஏற்பும் அவரே. ஃபான் வுட்டிடம் எனக்குப் பிடித்தது, இந்த நெருக்கடியிலும் அவர் அடியை விரட்டாததுதான்.

இந்தப் பாட்டுகள் நம் காதுக்கு எட்டுவதே பெரிய காரியம். 1885 முதல் கனடாவின் இந்தியர் சட்டம் பழங்குடிச் சடங்குகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1951-இல்தான் அந்தப் பிரிவுகள் நீங்கின. உறைவிடப் பள்ளிகளில் க்ரீ பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அத்தனைக்கும் தப்பிய பாட்டுகளை ‘நார்தர்ன் க்ரீ’ முரசுக் குழுவின் வுட் குடும்பம் போன்றவர்கள் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஃபான் வுட் அந்த வீட்டுப் பெண்.

பெண்கள் பறை தொடலாமா என்பதில் க்ரீ மூத்தோரிடையே ஒரே கருத்து இல்லை. அதை அவர்கள்தான் பேசி முடிக்க வேண்டும். ஆனால் வாசிப்புத் திறன் என்ற அளவில் என் மதிப்பீடு தெளிவானது: தனிக் கைப்பறை, பெருமுரசுக் குழுவுக்கு இணையான வித்தை. 2022-இல் கனடாவின் ஜூனோ இசை விருதுகளில் மரபுவழிப் பழங்குடிக் கலைஞருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது, அதன் முதல் விருதை ‘காகிகே’ தொகுப்புக்காக வாங்கியவரும் ஃபான் வுட்தான்.