பேய் பங்களா இல்லைங்க, சீனி பங்களா!

நிபோங் திபாலில் இருக்கிற '99 கதவு பங்களா'வைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ஜார்ஜ்டவுன் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "ராத்திரியிலா?" பேய் வீடு என்றே பேர் வாங்கிவிட்டது, பாவம். நான் பட்டப்பகலில் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், பினாங்கு மாநிலத்தில் என்னை இப்படி அசத்திய இடம் வேறு இல்லை!

இரண்டாவது பாலத்தைக் கடந்து பத்து கவானில் இறங்கினால் ஐக்கியா கடையும் தொழிற்சாலைகளும்தான் கண்ணில் படும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கரும்பு. முதலாளிகள் பெரும்பாலும் தியோச்சூ சீனர்கள். இன்னும் தெற்கே போகப் போக வெள்ளைக்காரத் துரைகளின் ராஜ்ஜியம். கலிடோனியா, பைராம், வால்டோர் என்று தோட்டங்களுக்கு அவர்கள் வைத்த பேரெல்லாம் அப்படியே நிற்கிறது. இந்தத் தோட்டங்கள் பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் கம்பெனியின் சொத்தாக இருந்தன. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியைச் சேர்ந்த ராம்ஸ்டன் குடும்பத்தின் கையில் அந்தக் கம்பெனி இருந்தது.

செம்பனைக்குள் வண்டி நுழைந்ததும் குலை வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உள்ள போறீங்களா தம்பி? பாம்பு கெடக்கும், பாத்துப் போங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேயைப் பற்றி மூச்சே விடவில்லை.

அப்புறம் மரங்களுக்கு நடுவிலிருந்து அது எழும்பியது பாருங்கள்! இரண்டு மாடி, வரிசை வரிசையாக வாசல்கள். சுண்ணாம்புப் பூச்சு உரிந்து உள்ளே செங்கல் தெரிகிறது. ஓர் ஆல்வேர் சுவரைப் பிளந்து இறங்கி, பிளந்த சுவரையே தாங்கியும் நிற்கிறது. வாசல்களை எண்ணத் தொடங்கினேன். பலவற்றில் கதவே இல்லை, சிலவற்றில் சுவரே இல்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கரிக்கட்டையால் காதலர் பேர் எழுதிய புண்ணியவான்கள் மட்டும் என் கையில் சிக்கவில்லை.

1948-இல் ஜான் ராம்ஸ்டன் துரை இங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். பேய்க் கதைக்கு அது போதாதா? ஆனால் எனக்கு அந்தத் துரையைவிட வெளியே கால்வாயில் இருந்த தண்ணீர்தான் பெரிசாகப் பட்டது. இந்த வட்டாரமே சதுப்பு நிலம். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் கரும்பு. வெட்டிய கரும்பு ஆலைக்குப் போனதும் படகில், கால்வாய் வழியாகத்தான். ஆலையில் உருளைகளுக்கு நடுவே நசுக்கி, சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு வடித்துச் சீனியாக்குவார்கள். அந்தச் சேற்றில் மண்வெட்டி பிடித்த கைகளில் எத்தனையோ தமிழ்க் கைகள்! மலாயாத் தமிழர் கதையைப் பால்மரத்திலிருந்து ஆரம்பிப்பதே நமக்கு வழக்கம். ரப்பர் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து, பயணக் கடனோடு நம் ஆட்கள் இந்தக் கரையில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இதே மாநிலத்து மாலாகோஃப் தோட்டத்தில் கூலிகளை நடத்திய கொடுமை 1873-இல் அம்பலமாகி, அரசாங்கமே விசாரிக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தக் கூலி முறை ஒழிய 1910 ஆனது. அதற்குள் கரும்பும் ரப்பருக்கு வழிவிடத் தொடங்கிவிட்டது. இப்போது அந்த ரப்பரையும் செம்பனை விழுங்கிவிட்டது.

இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். ஜார்ஜ்டவுன் கட்டடங்களுக்கு 2008-இல் யுனெஸ்கோ அந்தஸ்து கிடைத்தது, சந்தோஷம். இந்தப் பக்கமும் யாராவது கொஞ்சம் திரும்பிப் பார்க்கக் கூடாதா? ஒரு தகவல் பலகை வைத்தால்கூடப் போதும், அதிலும் தமிழ் இருந்தால் நான் மாலையே போடுவேன்.

போகிறவர்கள் தோட்டத்தாரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். மூடிய காலணி, கொசு எண்ணெய் கட்டாயம். மாடிப்பக்கம் போகவே வேண்டாம், எந்தக் கல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. காலையில் போனால் வெளிச்சம் வாசல் வாசலாக உள்ளே நுழைவதைப் பார்க்கலாம். மத்தியானம் நிபோங் திபாலில் மீன், நண்டு என்று ஒரு பிடி பிடியுங்கள். இருட்டும்வரை பொறுத்தால் கிரியான் ஆற்றில் படகேறி மின்மினிகளையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கிறவர்களே, இங்கே கூட்டிப்போங்கள்!