குடத்தில் கையிட்ட பாலன்: வளர்ச்சியும் பிள்ளைமையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, ஆண்டுகள் கி.பி. 919, 921. குடவோலை முறையைச் சொல்பவை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. ஊர்ச் சபையின் வாரியத்துக்கு வரத் தக்கவரின் வயது முதல் கல்வெட்டில் 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. சொந்த மனையில் வீடு, இறை கட்டும் கால் வேலி நிலம், வேதக் கல்வி எனத் தகுதிகள் நீள்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுகின்றனர்.

இவ்வளவு சலித்தெடுத்த பின்னும், தக்கவர் பெயர் எழுதிய ஓலையை எடுக்கும் வேலை பெரியவர் எவரிடமும் விடப்படவில்லை. குடும்பு எனப்படும் முப்பது ஊர்ப்பிரிவுகளின் ஓலைகளும் தனித்தனிக் கட்டுகளாகக் குடத்தில் இடப்படும். பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் கொட்டிக் குலைக்கப்படும். அதிலிருந்து அந்தப் பாலனே ஓர் ஓலையை எடுத்து, நடுவராக நிற்கும் மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று வாசிப்பான்; மண்டபத்தில் உள்ள நம்பிமாரும் வாசிப்பார்கள். அதன் பிறகே பெயர் எழுதப்படும்.

இது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. ஊரின் பெரும்பகுதி மக்களுக்கு இதில் இடமில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஆழ்ந்த புரிதல் ஒன்று இருக்கிறது. ஆதாயம் அறியாத பிள்ளையின் பார்வை இங்கே குறையாக அல்ல, தகுதியாகவே மதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு அந்த வெள்ளை மனம் தானாக வாய்க்காது என்பதும் சபையாருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மத்தியஸ்தனுக்கு விரித்த விரல்களை விதித்தார்கள். பிள்ளைமையின் வலிமை பெரியவரிடம் நிலைப்பதற்கு அவரவர் சுபாவம் போதாது. ஊரும் பள்ளியும் கலையும் அதற்கு இடம் வகுக்க வேண்டும்.

உளவியல் ஆய்வுகள் பிள்ளைமையின் வேறொரு வலிமையைக் காட்டுகின்றன. உளவியலாளர் அலிசன் கோப்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட சோதனையில், சில கட்டைகளை வைத்தால் ஒளிர்ந்து இசைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு கட்டைகள் சேர்ந்தால்தான் அது இயங்கும் என்ற விதியை நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் கல்லூரி மாணவர்களைவிட எளிதாகக் கண்டுகொண்டனர். ஒரு கட்டையே காரணமாக இருக்கும் என்ற பழகிய எண்ணம் பெரியவர்களுக்குத் தடையானது. இதே குழுவின் 2017 ஆய்வு கதையைச் சற்று மாற்றுகிறது: பொருள்களைப் பற்றிய புதுக் கருத்தை ஏற்பதில் சிறு பிள்ளைகள் முந்தினர், மனிதர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் பதின்பருவத்தினரே முந்தினர். ஆகவே வளர்வதை வெறும் இழப்பாகக் கணக்கிடுவது தவறு.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளின் இந்த வலிமைக்குப் பெரிய அளவில் இடம் தந்த முயற்சி செயல்வழிக் கற்றல். ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறினார்கள். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை வந்தது. ஆனால் இது நான்காம் வகுப்போடு முடிந்தது. விளையாடியும் தொட்டும் கற்பது சின்ன வகுப்புக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அப்படியே இருந்துவிட்டது. இம்முறையின் பெரிய குறை இதுவே.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் அப்படி நினைக்கவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். தவழ்ந்து, நடந்து வளரும் பிள்ளை, வளர்ச்சியின் உச்சியில் மணல் வீட்டைச் சிதைக்கிறது, பறை கொட்டுகிறது, தேர் உருட்டுகிறது.

காஞ்சிப் பகுதியின் கூத்தில், வளர்ந்த பின்னும் விளையாடுவது தொழிலாகவே தொடர்கிறது. பத்து வயதில் கூத்தாட வந்த பெருங்கட்டூர் பொ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினர். அதற்கு முன்பு கூத்துக்கு வந்த பிள்ளைகள் பள்ளியை விட வேண்டியிருந்தது. குருகுலத்தில் படிப்பும் ஆட்டமும் ஒன்றாக நடந்தன. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினர்.

கூத்திலேயே பிள்ளையின் உரிமையோடு நிற்கும் பாத்திரம் கட்டியக்காரன். திரைக்குப் பின்னே வந்து நிற்கும் மன்னனிடம் நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பவன் அவன். மன்னன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சபையில் எவரும் கேட்கத் துணியாததை அவன் கேட்கலாம். காவலனாக, தூதனாக, வேலைக்காரனாக விடியும்வரை மாறி மாறி வந்து, கதைக்கும் ஊராருக்கும் நடுவே நிற்க வேண்டியவன் என்பதால், இந்த வேடத்துக்குக் கதை முழுவதும் தெரிந்த தேர்ந்த கலைஞரே தேவைப்படுகிறார்.