உண்மைக்கு விலை கொடுப்பது யார்?

கடந்த காலத்தைத் தோண்டி உண்மையைத் தேடும் படங்களில் தேடுபவர் பெரும்பாலும் ஆண்தான்: பத்திரிகையாளர், வழக்கறிஞர், துப்பறிபவர். பெண் சாட்சி சொல்கிறாள், அழுகிறாள், காட்சியிலிருந்து மறைகிறாள். உண்மை வெளிவந்ததும் படமும் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவள் தன் பிள்ளையின் முகத்தில் எப்படி விழித்தாள் என்று அவை கேட்பதில்லை. அதைக் கேட்ட இரண்டு படங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது லூயிஸ் புவென்சோ இயக்கிய 'அதிகாரபூர்வக் கதை' (1985). அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சியில் கர்ப்பிணிகள் கடத்தப்பட்டார்கள். இரகசிய முகாம்களில் பிள்ளை பெற்றபின் கொல்லப்பட்டார்கள். பல குழந்தைகள் ஆட்சிக்கு வேண்டியவர்களின் வீடுகளுக்குப் போயின. அலிசியாவின் வளர்ப்பு மகள் காபி அப்படி வந்தவளாக இருக்கலாம். குழந்தையைக் கொண்டுவந்தவன் கணவன் ராபர்ட்டோ. எங்கிருந்து என்று அலிசியா கேட்கவில்லை. இத்தனைக்கும் அவள் வரலாற்று ஆசிரியை.

நாடு கடந்து வாழ்ந்து திரும்பிய தோழி ஆனா, தன்னைச் சித்திரவதை செய்ததைச் சொல்லும் காட்சியை என்னால் எளிதில் கடக்க முடிவதில்லை. அலிசியா கேட்கிறாள்: புகார் கொடுத்தாயா? கடத்தியதே அரசு எனும்போது யாரிடம் புகார் கொடுப்பது? வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் நம் ஊரிலும் முதலில் வரும் கேள்வி இதுதான். தெரியாமல் இருப்பதும் ஒரு வசதி. அந்த வசதியைக் காப்பது குடும்பம். அலிசியா கேட்கத் தொடங்கியதும் ராபர்ட்டோ கதவிடுக்கில் அவள் கையை நசுக்குகிறான். முகாமில் நடந்தது வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. நம் கண்ணீரை அலிசியாவுக்கே கேட்கிறது. பேத்தியைத் தேடிவரும் மூதாட்டி சாராவுக்குக் கிடைப்பது சில காட்சிகள்தான். ஆனால் நிஜத்தில் தேடியவர்கள் சாராக்கள். 1977இல் ஒன்றுசேர்ந்த மே சதுக்கப் பாட்டிமார், எந்த அலிசியாவின் மனசாட்சிக்காகவும் காத்திருக்கவில்லை. பெற்றோர் உயிரோடு இல்லாதபோது பாட்டி தாத்தாவின் இரத்தத்தை வைத்தே உறவை நிறுவும் முறையை உருவாக்க அறிவியலாளர்களைத் தூண்டினார்கள். இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது படம் யஸ்மிலா ஸ்பானிச்சின் 'கிர்பாவிட்சா' (2006). போருக்குப் பிந்தைய சராயேவோ. எஸ்மா தன் பன்னிரண்டு வயது மகள் சாராவைத் தனியாக வளர்க்கிறாள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போரில் உயிர்நீத்தவரின் பிள்ளை என்ற சான்றிதழ் இருந்தால் கட்டணச் சலுகை. எஸ்மாவிடம் அந்தக் காகிதம் இல்லை. தியாகியின் பிள்ளைக்குச் சான்றிதழ் உண்டு. முகாமில் வன்புணரப்பட்டவளின் பிள்ளைக்கு எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது? எஸ்மா சலுகையை விட்டுவிட்டு, இரவு விடுதியில் வேலைபார்த்து முழுப்பணத்தையும் புரட்ட அலைகிறாள்.

இங்கே உண்மையைத் தேடுபவள் மகள். துப்பாக்கியை நீட்டித்தான் அவள் அதைப் பெறுகிறாள். தாயின் வாயிலிருந்து உண்மை வெடித்து வரும் அந்த நொடியை வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்க மகளுக்கு உரிமை உண்டு. ஆனால் எஸ்மாவின் மௌனம் கோழைத்தனம் அல்ல. பன்னிரண்டு வருடம் அவர்கள் இருவரையும் காத்த கூரை அது. அலிசியாவின் மௌனத்தையும் எஸ்மாவின் மௌனத்தையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஒன்று குற்றத்தால் பயனடைந்தவளின் மௌனம். மற்றது அதைத் தாங்கியவளின் மௌனம்.

முகாமில் நடந்ததை ஸ்பானிச் ஒரு காட்சியில்கூடக் காட்டவில்லை. பின்னர் எஸ்மா, பெண்கள் கூடும் ஓர் அறையில், தானாகவே பேசுகிறாள். துப்பாக்கி முனையில் வந்த அதே உண்மை இங்கே வேறொன்றாகிறது. கேட்பவர்கள் அவளைப் போன்றவர்கள்.

படம் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றது. அதையொட்டி எழுந்த இயக்கமும் சேர்ந்து அழுத்தம் கொடுக்க, அதே 2006இல் போஸ்னியக் கூட்டமைப்பின் சட்டம் வன்புணர்வுக்கு ஆளானவர்களைப் போரால் பாதிக்கப்பட்ட குடிமக்களாக ஏற்றது. எஸ்மாக்களைப் பேசச் சொல்வதற்கு முன் ஓர் அரசு செய்யவேண்டிய வேலை அது. காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பேசுவதா வேண்டாமா என்பதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.