பாட்டை வாங்கினார்கள், குரலை விட்டார்கள்

இளவட்டங்களை இழுக்க அரசு வானொலிக்குத் தெரியாது என்பது பழைய புகார். தெரியாமல் இல்லை. ஆனால் போட்டியாளரிடமிருந்து அது கற்றுக்கொண்டது பாதிதான்.

1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். போடுகிற கொஞ்சப் பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் விளம்பரமாகிவிடுமாம். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். நேயர்கள் சண்டைக்கெல்லாம் போகவில்லை, முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். நம் தென்மாவட்டங்களில் அது உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்டது. ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபர் 3இல், விவித்பாரதி பிறந்தது. திரைப்பாட்டு அரசு வானொலிக்குள் முறைப்படி திரும்பி வந்தது.

வந்தது பாட்டு மட்டும்தான். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும், பின்னால் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் நேயரோடு விளையாடினார்கள், சீண்டினார்கள். ராஜாவின் வேகத்தைப் பேசிக்காட்டாத பையன் தெருவுக்கு ஒருவன்கூட இருந்திருக்க மாட்டான். இங்கேயோ படம், பாடியவர், இசையமைப்பாளர், அப்புறம் விரும்பிக் கேட்ட நேயர்களின் நீண்ட பட்டியல். அதையும் வருகைப் பதிவேடு வாசிக்கிற தொனியில். சின்னமனூரிலிருந்து அஞ்சலட்டை போட்டவருக்குத் தன் பெயர் காற்றில் வந்ததே பெரிய விஷயம் என்பதும் உண்மைதான்.

இதே நெருக்கடி பிபிசிக்கும் வந்தது. கடலில் கப்பல் நிறுத்திப் பாப் பாட்டு ஒலிபரப்பிய திருட்டு நிலையங்களை 1967 ஆகஸ்டில் பிரிட்டிஷ் சட்டம் முடக்கியது. செப்டம்பர் 30இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் டோனி பிளாக்பர்ன், அந்தக் கப்பல்களில் பேசிப் பழகியவர். அவர்கள் எதிராளியின் ஆளையே கூட்டிவந்தார்கள்.

நம்மவர்கள் இளைஞருக்கென்று தனிச் சேவையும் வைத்தார்கள். 1969இல் டெல்லியில் யுவவாணி தொடங்கியது. தமிழில் 'இளைய பாரதம்' என்ற நிகழ்ச்சி வந்தது. இளைஞர்களையே மைக் முன் உட்காரவைத்தது நல்ல காரியம். ஆனால் அங்கே கவிதை, உரை, வேலைவாய்ப்புத் தகவல் என்று போகும். அவர்கள் உயிரைவிடுகிற பாட்டு வேறொரு அலைவரிசையில் ஓடும். பேச ஓரிடம், கேட்க ஓரிடம்.

இரண்டையும் ஓரளவு சேர்த்தது கோடைப் பண்பலைதான். கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. பண்பலை அலை நேர்க்கோட்டில் போகும். உயரம் கூடினால் வீச்சும் கூடும். தனியார் நிலையங்கள் சென்னை, கோவை, மதுரை என்று விளம்பரம் கிடைக்கும் நகரங்களைப் பார்த்துப் போனபோது, இது கிராமங்களுக்குப் பாட்டுக் கொடுத்தது. திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிறவர் பட்டன் போனில் இயர்போனைச் செருகினால் போதும், அந்த ஒயரே ஆன்டெனா. நேரலையில் தொலைபேசி எடுத்ததும் ஊர்ப்பேச்சு உள்ளே வந்தது. சாப்பிட்டாச்சா, உங்க பக்கம் மழை உண்டா என்று அறிவிப்பாளர் கேட்கிற அந்த அரை நிமிடத்தில், விவித்பாரதி தவறவிட்டதில் கொஞ்சம் மீண்டது.

இதிலும் குறை உண்டு. இளைஞர் இசை என்றால் திரைப்பாட்டு, அதைத் தாண்டி ஒன்றுமில்லை என்ற முடிவை இந்த வானொலி சந்தையிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டது. தனியார் நிலையம் அப்படிச் செய்தால் விளம்பர வருமானத்தைக் காட்டும். மக்கள் பணத்தில் ஓடுகிற நிலையம் எதைக் காட்டும்? பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தபோது, கிராமத்து மெட்டும் தாளமும் எந்த இளைஞரையும் விரட்டிவிடவில்லை. அப்படியிருந்தும் தேனிப் பக்கத்துத் தேவராட்டத்தின் உறுமி இன்னும் 'கிராமிய இசை' என்ற தனி நேரத்தில்தான் அடைபட்டிருக்கிறது. ராத்திரி பாட்டு வரிசையில், ரஹ்மானுக்கும் அனிருத்துக்கும் நடுவே, எந்த விளக்கவுரையும் இல்லாமல் அதைப் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் புது அலைவரிசையோ புது நிதியோ வேண்டியதில்லை.