சுவர் மீண்டது, அவை மீண்டதா?

பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடைகூற வேண்டும். அதனுடைய எந்த வயதை மீட்பது? நூறாண்டு வாழ்ந்த கட்டடத்திற்கு முகங்கள் பல. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் ஏனையவற்றை மறைக்கவே செய்கிறார். பாரிஸ் மாநகரின் வடபகுதியில், பார்பெஸ் நாற்சந்தியில் நிற்கும் லூக்சோர் திரையரங்கு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது.

பார்பெஸ் ஓயாத இரைச்சலின் இருப்பிடம். தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெட்ரோ இரயில் ஓடுகிறது. பாலத்தின் அடியில் புதன், சனிக் கிழமைகளில் சந்தை கூடுகிறது. அல்ஜீரியா, மொரோக்கோ, மேற்கு ஆப்பிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் வாழும் பகுதி இது. அடுத்த நிலையமான லா ஷப்பெலில் இறங்கினால் ஈழத்தமிழரின் கடைத்தெருவே நம்மை எதிர்கொள்ளும்.

இச்சந்தடியின் நடுவே நீலமும் கருமையும் பொன்னும் கலந்த ஓட்டுச்சித்திரங்களோடு லூக்சோர் நிமிர்ந்து நிற்கிறது. தாமரையும் சிறகு விரித்த ஞாயிறும் அதன் முகப்பை அணிசெய்கின்றன. ஆன்றி சிப்சி என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த இவ்வரங்கு 1921 அக்டோபரில் திறக்கப்பட்டது. துத்தன்காமுனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே எகிப்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஆகவே இது பிரெஞ்சுக்காரர் தம் கனவில் கண்ட எகிப்து.

வரலாறு இக்கனவுக்கு ஒரு விந்தையான நிறைவைத் தந்தது. 1960களிலும் 70களிலும் இங்கே எகிப்தியப் படங்களும் இந்தியப் படங்களும் ஓடின. பகலெல்லாம் கட்டடப் பணியிலும் தொழிற்சாலையிலும் உழைத்த வட ஆப்பிரிக்கர், தம் மொழியின் பாடலைக் கேட்க இவ்விருளில் வந்தமர்ந்தனர். போலி எகிப்தினுள் மெய்யான எகிப்தின் குரல் ஒலித்த காலம் அது.

முகப்பும் கூரையும் 1981இல் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் 1983இல் திரை இறங்கிவிட்டது. இலங்கையில் இனக்கலவரம் மூண்டு, தமிழர் பெருந்தொகையாய் நாடு நீங்கத் தொடங்கியதும் அவ்வாண்டே. அவர்கள் வந்து அண்டையில் குடியமர்ந்தபோது லூக்சோர் இரவு விடுதியாக மாறியிருந்தது. பின்னர் அதுவும் மூடப்பட்டுக் கட்டடம் பாழாய்க் கிடந்தது. அப்பகுதி மக்கள் சங்கம் அமைத்து விடாது குரலெழுப்பினர். 2003இல் நகராட்சி அதனை வாங்கியது. பிலிப் புமேன் என்னும் கட்டடக் கலைஞரின் பொறுப்பில் புதுப்பிக்கப்பட்டு 2013 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது.

புதுப்பித்த திறம் போற்றுதற்குரியது. இரயிலின் அதிர்வு உள்ளே புகாதிருக்க, பெட்டிக்குள் பெட்டி வைத்தாற்போல் பழைய கூட்டினுள் புதிய அரங்கை எழுப்பினர். 1921இன் வண்ணங்களை இப்புதிய சுவரில் மீண்டும் தீட்டினர். நாம் காண்பது மூலமன்று, படியே. எனினும் இதனை ஏமாற்று எனல் பொருந்தாது. எஞ்சிய பழைய ஓவியத்தின்மேல் புதுப்பூச்சு பூசி அதனை அழிப்பதைவிட, தனிச்சுவரில் படியெடுப்பது நேர்மையான வழி. நிலவறையில் இரு சிற்றரங்குகளும் சேர்ந்தன. மேல்தளத்து முன்றிலிலிருந்து மொன்மார்த்ர் குன்றின் திரு இருதயப் பேராலயம் கண்ணுக்கு விருந்தாகிறது.

நம் குறை வேறு. மீட்கப்பட்டது 1921இன் முகம். எழுபதுகளின் உழைப்பாளர் அவை அச்சுவர்களில் ஒரு கோடாகவும் பதியவில்லை. பெரிய அரங்குக்கு யூசுப் ஷஹீன் என்று பெயரிட்டது ஒன்றே அவர்களுக்கு நேர்ந்த நினைவு. அப்பெயர் பொருத்தமானதுதான். அலெக்சாந்திரியாவில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த எகிப்திய இயக்குநர் அவர். யாக்கோபின் மகன் யோசேப்பின் கதையைத் தழுவி 1994இல் அவர் எடுத்த படத்தின் பெயரே ‘புலம்பெயர்ந்தவன்’. அப்படம் எகிப்தில் வழக்கில் சிக்கித் தடையும் கண்டது. அயல்நாட்டில் அடிமையாய் விற்கப்பட்டவன் அந்நாட்டையே பஞ்சத்தினின்று காத்த கதையைப் பார்பெஸின் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பெயர் சூட்டுவது கடனை ஒப்புக்கொள்வதேயன்றி அதனைத் தீர்ப்பதாகாது. இன்று அங்கே பெரும்பாலும் கலைப்படங்கள் காட்டப்படுகின்றன. நல்லதே. ஆயினும், பாலத்தடியில் காய்கறிப் பையோடு நிற்கும் மூதாட்டி, இக்கதவு தனக்கும் திறந்ததென்று எண்ணுவாரா? அடுத்த நிலையத்துத் தமிழ் இளைஞனுக்கு அங்கே ஒரு மாலைப்பொழுது காத்திருக்கிறதா?

திரையரங்கு அருங்காட்சியகமன்று. அதன் உயிர் இருக்கைகளில் இருக்கிறது. சுவரை மீட்கப் பொறியியலும் பணமும் போதும். அவையை மீட்க விருந்தோம்பல் வேண்டும். லூக்சோர் முன்னதைச் சிறப்புற முடித்துவிட்டது. பின்னது திறப்புவிழாவோடு முடியும் பணியன்று. ஒவ்வொரு மாலையும் புதிதாய்ச் செய்யவேண்டியது.